மொழியியல் முதுகலை: எதைப் படிக்கிறோம், எதற்குக் கடன் பெறுகிறோம்?

பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் கல்விக் கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களுக்கிடையே, எப்போதாவது ஒன்று ‘ஆங்கில மொழியியல், முதுகலை’ என்ற தலைப்புடன் வந்து சேரும். உடன் வரும் பெற்றோரிடம் அது என்ன படிப்பு என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: “ஆங்கிலம் நன்றாகப் பேச வரும், சார்.” அதற்காகவே பல லட்சம் ரூபாய் செலவிடத் துணியும் குடும்பங்களும் உண்டு. ஆங்கிலம் பேசப் பழகுவதற்கு அந்தத் தொகையில் மிகச் சிறு பகுதியே போதும். மொழியியல் முதுகலை கற்பிப்பது வேறொன்று. அது இன்னதென்று அறிந்தபின் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது நல்லது. அதை எடுத்துரைக்கப் புனே நகரைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் அரிது.

வணிகவியல் பயின்ற எனக்கு இத்துறையின் அடிப்படை விளங்கியது ஒரு சிறு சோதனையால்தான். உதட்டருகே ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் ‘பின்’ என்று சொன்னால் தாள் அசையும். ‘ஸ்பின்’ என்று சொன்னால் அசையாது. முதற்சொல்லின் பகரத்தோடு மூச்சுக்காற்று சேர்ந்து வருகிறது, இரண்டாவதில் வருவதில்லை. எனினும் இரண்டும் ஒரே ஒலிதான் என்று அவர் உறுதியாக நம்புவார். மராத்தியரோ அவ்வாறு கருத மாட்டார். அவர் மொழியில் மூச்சின்றி ஒலிக்கும் ‘பள்’ என்பதற்கு ‘ஓடு’ என்று பொருள். மூச்சோடு ஒலிக்கும் ‘ப்ஹள்’ என்பதற்குப் பழம் என்று பொருள். தமிழரான நமக்கு இவ்வேறுபாடு காதில் விழுவதே கடினம். காற்றில் பிறக்கும் ஒலி ஒன்று. அதை மனம் எந்த அறையில் இட்டு வைக்கிறது என்பது வேறு. இந்த இரண்டாவதைத்தான் ஒலியன் என்கிறார்கள். ஒலியியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல் என விரியும் பாடத்திட்டம் முழுவதும் இத்தகைய சோதனைகளால் ஆனது. அங்கே ‘பிழை’ என்ற சொல்லுக்கு அதிக வேலையில்லை. ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்பதே கேள்வி.

வங்கிக் கவுண்டரில் இருப்போர்க்கு இது வெறும் ஏட்டறிவன்று. ‘தர்ட்டீன்’ என்பதும் ‘தர்ட்டி’ என்பதும் தொலைபேசியில் குழம்புவது அன்றாட நிகழ்ச்சி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் முதற்சொல்லில் ஈற்றசையையும் இரண்டாவதில் முதலசையையும் அழுத்தி ஒலித்து இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்கள். நம் மொழிகளில் சொல்லழுத்தத்துக்கு அவ்வளவு பங்கில்லாததால், நாம் அசைகளை ஏறத்தாழச் சமமாகவே ஒலிக்கிறோம். ஈற்று னகரமும் மங்கிவிட்டால் பதின்மூன்று முப்பதாகிவிடும். ஐதராபாத் மத்திய ஆங்கில நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். கே. பன்சல், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எந்த அளவு விளங்குகிறது என்று ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட நூலில், விளங்காமைக்குச் சொல்லழுத்தம் முதன்மையான காரணங்களுள் ஒன்று என்று காட்டினார். காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்வதன் அருமை இங்கே புலப்படும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, இரண்டும் முரண்பட்டால் எழுத்தால் எழுதப்பட்டதே செல்லும்.

இனிப் புனேக்கு வருவோம். எரவாடாப் பகுதியில் மரங்கள் சூழ நிற்கும் டெக்கன் கல்லூரியின் வேர், 1821இல் தொடங்கப்பெற்ற ஒரு சமஸ்கிருதப் பாடசாலை. 1864இல் இன்றைய பெயரைப் பெற்று, 1868இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது. பால கங்காதர திலகர் இங்கே பயின்றவர். 1934இல் அரசு இதனை மூடியது; 1939இல் முதுநிலை ஆய்வு நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டபோது, மொழியியலுக்கு அங்கே தனித் துறையே அமைந்தது. எஸ். எம். கத்ரே அதன் தூண். திராவிட மொழிகளுக்கென அமர்த்தப்பட்ட சி. ஆர். சங்கரன், பழந்தமிழின் ஒலியன்களைப் பற்றி எழுதிய நூல் 1951இல் இக்கல்லூரி வெளியீடாகவே வந்தது. தொல்காப்பியம் சொல்லும் ஒலிகளை ஆராய்ந்த ஒரு நூல் மராட்டிய மண்ணில் அச்சேறியது என்பதைப் புனேத் தமிழரிலேயே பலர் அறிந்திலர்.

அக்கல்லூரியின் சமஸ்கிருதப் பேரகராதித் திட்டமும் குறிப்பிடத்தக்கது. 1948இல் தொடங்கி, சுமார் 1,500 நூல்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிச் சீட்டுகளில் சொற்களைக் குறித்து வைத்தார்கள். ஒவ்வொரு சொல்லும் எந்நூலில், எப்பொருளில் முதன்முதலாக வந்தது, பின்னர் எவ்வாறு மாறியது என்று வரலாற்று முறையில் காட்டுவது அதன் நோக்கம். ஆங்கிலத்துக்கு ஆக்ஸ்போர்டு பேரகராதி செய்த பணி இது. முதற்பகுதி 1976இல் வெளிவந்தது. பணி இன்னும் முடிந்தபாடில்லை. கணக்கேடுகளைப் பேணும் தொழிலில் இருப்பவன் என்பதாலோ என்னவோ, அந்தச் சீட்டுகளின் எண்ணிக்கை எனக்குப் பெருவியப்பு.

1954இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு டெக்கன் கல்லூரி ஒரு மொழித் திட்டத்தைத் தொடங்கியது. சார்லஸ் பெர்கூசன், ஜான் கம்பர்ஸ் முதலிய அமெரிக்க அறிஞர்கள் இதில் பங்கேற்றனர். மொழியியல் பயிற்சிப் பள்ளிகள் நடைபெற்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களில் பின்னர் மொழியியல் துறைகளை வளர்த்தோர் பலர் அப்பள்ளிகளில் பயின்றவர்கள். எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ் என்று நாம் பிள்ளைப் பருவம் முதல் வாழும் நிலைக்கு ‘இரட்டை வழக்கு’ என்ற இலக்கணத்தை 1959இல் வகுத்துப் புகழ்பெற்றவர் இதே பெர்கூசன்தான்.

ஆங்கில மொழியியலுக்குப் புனே தந்த நேரடிக் கொடை அசோக் கேள்கர். 1929இல் இந்நகரில் பிறந்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1958இல் முனைவர் பட்டம் பெற்றவர். அதற்கு முந்தைய ஆண்டிலேயே ‘மராத்தி ஆங்கிலம்’ என்ற பொருளில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டிருந்தார். மராத்தியர் பேசும் ஆங்கிலத்தைக் குறையாகக் கருதி நகைக்காமல், அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு என்று கொண்டு அதை அளந்து பார்த்த முயற்சி அது. பின்னாளில் டெக்கன் கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய அவருக்கு 2002இல் பத்மஸ்ரீயும், மராத்தித் திறனாய்வு நூலொன்றுக்காக 2010இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தன. ஆங்கிலத்தை ஆராயப் புகுந்தவர் தம் மொழிக்கே திரும்பி வந்தது தற்செயலன்று என்பது என் எண்ணம்.

ஏனெனில் ஆங்கிலத்தை இத்துறையின் கண்கொண்டு பார்க்கத் தொடங்கினால், அருகிலுள்ள மொழிகளும் புதிதாகத் தெரிகின்றன. ஆங்கிலத்தின் ‘வீ’ என்னும் சொல்லைத் தமிழில் பெயர்க்க வேண்டுமானால், கேட்பவரையும் உளப்படுத்தி ‘நாம்’ என்பதா, விலக்கி ‘நாங்கள்’ என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். வங்கிச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்ப்போர் நாள்தோறும் படும் பாடு இது. “விண்ணப்பத்தைப் பரிசீலிப்போம்” என்றால் நாங்கள். “மோசடிகளை விழிப்புடன் தடுப்போம்” என்றால் நாம். வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மராத்தியிலும் இதே வேறுபாடு இருக்கிறது: உளப்படுத்துவது ‘ஆபண்’, விலக்குவது ‘ஆம்ஹீ’. இந்தியில் இவ்வேறுபாடு இவ்வளவு திட்டமாக இல்லை. திராவிட மொழிகளோடு நெடுங்காலம் பழகியதன் விளைவு இது என்பது அறிஞர் கருத்து.

எதிரொலிச் சொற்களும் அப்படியே. “லோன் கீன் ஏதாவது கிடைக்குமா?” என்று தமிழர் கேட்பார், தேநீரும் பிறவும் என்பதை மராத்தியர் ‘சஹா-பிஹா’ என்பார். எழுத்து மாறினாலும் வழி ஒன்றே. குடும்பத்தால் வேறுபட்ட இந்திய மொழிகள் இவ்வாறு அண்டை வாழ்வால் ஒத்துப்போவதை எம். பி. எமனோ 1956இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். நீலகிரித் தோடர் மொழியை அங்கேயே தங்கி ஆராய்ந்தவர் அவர். நாம் ‘ஃபார்ம் கீர்ம்’ என்று ஆங்கிலச் சொல்லையும் அந்த வழியில் இழுத்துவிட்டோம்.

இந்தியரின் ஆங்கிலத்தை முறையாகத் தொகுத்த முதல் பெருமுயற்சியும் மகாராட்டிரத்திலேயே நடந்தது. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி தலைமையில், 1978இல் வெளியான நூல்கள், இதழ்களிலிருந்து 500 பகுதிகள், பகுதிக்கு 2,000 சொற்கள் வீதம் பத்து லட்சம் சொற்கள் கொண்ட தரவகம் உருவாயிற்று. அமெரிக்க, பிரித்தானிய ஆங்கிலத் தரவகங்களோடு ஒப்பிடுவதற்கு ஏற்ற வடிவில் அது அமைந்ததால், உலகெங்கும் ஆய்வாளர் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர்.

இப்படிப்பை எங்கே பயில்வது? டெக்கன் கல்லூரியில் முழு மொழியியல் முதுகலை உண்டு. சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தின் ஆங்கில முதுகலையில், இலக்கியத்தோடு ஆங்கில மொழியின் அமைப்பும் பாடமாக இடம்பெற்று வந்துள்ளது. ஐதராபாத்தில் 1958இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம், 2007 முதல் ஆங்கிலம், அயல்மொழிகளுக்கான மத்தியப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. தமிழ்நாட்டிலுள்ளோருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது. மொழியியல் முதுகலையில் பெரும்பாலும் எத்துறைப் பட்டதாரியும் சேரலாம். ஆங்கில முதுகலைக்கு விதிகள் வேறுபடும்.

பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகிறது என்பதை முன்கூட்டியே பாருங்கள். விரிவுரையாளர் தகுதிக்கான தேசியத் தேர்வில் ஆங்கிலமும் மொழியியலும் இரு வேறு பாடங்கள். ஆங்கிலத் துறைப் பணியிடங்கள் எண்ணிக்கையில் மிகுதி. மொழியியல் பணியிடங்கள் சிலவே. கல்லூரிக்கு வெளியே அகராதிப் பணி, பாடநூல் தயாரிப்பு, மொழிபெயர்ப்பு, கணினி மொழித் தொழில்நுட்பம் ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு. இந்திய எழுத்துகளைக் கணினியில் ஏற்றிய பணிகளுக்குப் பெயர்பெற்ற சி-டாக் நிறுவனத்தின் தலைமையகம் புனேயில்தான் உள்ளது. எனினும் கணினித் துறையில் மொழியியல் மட்டும் போதாது. நிரலெழுதும் பயிற்சியும் வேண்டும்.

வெளிநாட்டில் பயில்வோர் கணக்கைத் தெளிவாகப் போட வேண்டும். பிரிட்டனின் ஓராண்டு முதுகலைப் பட்டங்களை ஏற்பதற்கு 2022 ஜூலையில் இரு நாடுகளும் உடன்பாடு செய்துகொண்டன. ஆகவே பட்டம் செல்லுமா என்ற ஐயம் பெருமளவு நீங்கியது. பணம் வேறு செய்தி. உதாரணத்துக்கு 20 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் பெறுவதாகக் கொள்வோம். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வழங்கப்பட்டால், ஓராண்டுப் படிப்பும் அதன்பின் ஓராண்டு அவகாசமும் முடியும்போது தனி வட்டியே 4 லட்சம் ஆகியிருக்கும். அந்த 24 லட்சத்தைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 31,700 ரூபாய். முதுகலை முடித்து ஆய்வுப் படிப்புக்குச் செல்ல எண்ணுவோர்க்கு அத்தவணை பெருஞ்சுமை. டெக்கன் கல்லூரி போன்ற நிறுவனங்களில் ஆகும் செலவு, பெரும்பாலும் பிணையம் கேட்கப்படாத 4 லட்சம் ரூபாய் வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டுமாவது செலுத்தி வந்தால், அசலோடு அது சேராது. பல வங்கிகள் அதற்கென வட்டியில் சிறு சலுகையும் தருகின்றன. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்கள், திருப்பிச் செலுத்தத் தொடங்கும் ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகள் வரை, கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அசலுக்கு இச்சலுகை கிடையாது.