ஏலத்தோட்டத்துக்கு ஒரு பழைய சட்டை

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் புறப்படத் தொடங்கிவிடும். தூக்குவாளியும் பையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் அவர்கள் வேலைக்கு இறங்கும்போது கவனித்தால் ஒன்று புலப்படும். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை அணிந்திருப்பார்கள். தலையில் ஒரு பழைய துண்டு. கணவர் போட்டுத் தேய்ந்த சட்டையாகவோ, மகன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது போட்டதாகவோ அது இருக்கும்.

இது வறுமையின் அடையாளம் மட்டுமன்று, வேலைக்கான கவசமும்கூட. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பி மண்ணையொட்டிப் படரும் சரங்களில் காய்க்கிறது. எனவே, காய் எடுப்பவர் நாள் முழுவதும் ஈரமண்ணில் குனிந்தோ, குந்தியோதான் வேலை செய்தாக வேண்டும். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும்; மலைக்காற்று குளிரும். செடிகளில் தெளித்த பூச்சிமருந்து கையிலும் கழுத்திலும் படும். சேறும் ஏலக்காய்ப் பாலும் படிந்த துணியை என்ன துவைத்தாலும் கறை போகாது. தோட்டத்து உடுப்பு நெடுங்காலம் உழைப்பதில்லை. இதற்கென்று புதுச்சட்டை வாங்கினால் கூலியில் ஒரு பகுதி துணிக்கடைக்கே போய்விடும்.

ஆக, பழந்துணிக்கு உண்மையான தேவை இருக்கும் ஊர் போடி. அதே போடியிலும், பக்கத்துத் தேனியிலும், மதுரையிலும் பீரோ கதவை மூட முடியாத அளவுக்குச் சட்டைகள் அடைந்து கிடக்கின்றன. கொஞ்சம் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறுகிறது. கொஞ்சம் வண்டி துடைக்கப் போகிறது. மிச்சம் போகிப் பண்டிகையன்று எரிகிறது. இன்றைய துணிகளில் பெரும்பங்கு பாலியெஸ்டர் கலந்தவை. அவற்றை எரிப்பது பிளாஸ்டிக்கை எரிப்பதற்குச் சமம், புதைத்தாலும் மக்காது. உலகெங்கும் ஆண்டுக்கு 9.2 கோடி டன் துணிக்கழிவு சேர்வதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிடுகிறது. ஒரு பருத்திப் பனியனுக்கு, பருத்தி விளைவிப்பது தொடங்கி, ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. அத்தனை தண்ணீரைக் குடித்த துணி, உடுத்தத் தகுந்த நிலையிலேயே குப்பைக்குப் போகிறது.

மிகுதியாக இருக்கும் இடத்திலிருந்து தேவைப்படும் இடத்துக்குத் துணி ஏன் போய்ச் சேருவதில்லை? மனமில்லாமையைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. கிழிந்ததும், அழுக்கானதும், மீனவப் பெண்கள் உடுத்த வழியில்லாததுமான உடைகள் சாலையோரங்களில் மலைபோலக் குவிந்து மழையில் நனைந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்சு குப்தா 1999-இல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்புதான் அந்தக் குவியலை எடுத்துத் தரம் பிரித்து வேறு பயன்களுக்குத் திருப்பியது. அவருக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. பெறுபவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் அனுப்பும் துணி, குப்பையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதே ஆகும் என்பது சுனாமி காட்டிய உண்மை.

ஈரானின் மஷாத் நகரில் 2015-இல் எழுந்த 'கருணைச் சுவர்' யோசனை பல நாடுகளுக்குப் பரவியது. திருநெல்வேலியில் 2017-இல் மாவட்ட நிர்வாகமே 'அன்புச் சுவர்' அமைத்தது. வேண்டாதவர் வைத்துவிட்டுப் போகலாம். வேண்டியவர் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். 2023 மே மாதத்தில் மத்திய அரசின் தூய்மை இயக்கத்தின் கீழ், பழைய துணி, காலணி, புத்தகம், பொம்மை ஆகியவற்றைப் பெறும் மையங்களை நாடெங்கும் நகர்ப்புற உள்ளாட்சிகள் திறந்தன. நல்ல தொடக்கங்கள்தாம். ஆனால் சுவருக்கும் மையத்துக்கும் ஓர் ஆள் வேண்டும். கிழிந்ததை ஒதுக்க, மடித்து அளவுவாரியாக அடுக்க, மழை வந்தால் எடுத்து வைக்க ஆளில்லையென்றால் எந்தச் சுவரும் சில வாரங்களில் குப்பைமேடாகிவிடும்.

நேரமும் ஒரு சிக்கல். காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும் நகராட்சி மையத்தால் தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. அது திறக்கும்போது அவர் மலையில் இருக்கிறார். மூடும்போது ஜீப்பில் இருக்கிறார். போடியில் பழந்துணி மையம் வைப்பதென்றால் அது ஜீப்புகள் வந்து நிற்கும் இடத்துக்கு அருகில், மாலையும் ஞாயிறும் திறந்திருக்க வேண்டும். பருவமும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. அதன் பின்னே ஏலக்காய் எடுப்பும் வருகிறது. முழுக்கைச் சட்டையும் ஸ்வெட்டரும் மே மாதமே கைக்குக் கிடைத்தால்தான் உதவும். பிள்ளைகளின் உடுப்புக்கும் பள்ளி திறப்பதற்கு முந்தைய அந்த மாதமே உகந்தது.

இத்தனையும் செய்தாலும் வெட்கம் என்றொரு தடை மிஞ்சும். அதை எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது. ஊர்த்தொழில் செய்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகப் பழைய சோறும் பழந்துணியும் கொடுத்து, அதையே அவர்களின் இடமாக நிலைநிறுத்திய சமூகம் இது. அதை மறக்காதவர்கள் பிறர் கழித்துப் போட்ட துணியைத் தொட மறுப்பது சுயமரியாதையன்றி வேறில்லை. மறுபுறம், பிறந்த குழந்தையின் உடம்பில் முதலில் படுவது பாட்டியின் பழஞ்சேலைதான். பலமுறை துவைத்த மென்மைக்காக அதைத் தேடி எடுத்து வைப்பது நம் வீடுகளின் வழக்கம். தூளி கட்டுவதும் பழஞ்சேலையில்தான். அக்கா சட்டையைத் தங்கை போடுவதில் யாருக்கும் கூச்சமில்லை. துணி பழையது என்பதைவிட, எந்த உறவில் அது கைமாறுகிறது என்பதே கூச்சத்தைத் தீர்மானிக்கிறது. கூஞ்ச் அமைப்பு கிராமங்களில் கிணறு வெட்டுதல், பாதை சீரமைத்தல் போன்ற பொதுவேலைகளில் ஈடுபடுவோருக்குத் துணியை வெகுமதியாக அளிப்பதும் இதை உணர்ந்துதான்.

எனவே, பெறுபவர் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். வேண்டாததை வைத்துவிட்டுப் போகும் உரிமையும் அவருக்கு உண்டு. புகைப்படம் கூடவே கூடாது. ஆசிரியரும் வங்கி ஊழியரும் தம் பிள்ளைகளுக்கு அங்கிருந்தே எடுத்துச் செல்லத் தொடங்கினால், அது ஏழைகளுக்கான இடம் என்ற முத்திரை தானாக உதிரும். வளரும் குழந்தைகளின் உடுப்பு ஆறு மாதத்தில் சிறுத்துவிடுகிறது. இதில் பணம் மிச்சமாவது எந்தக் குடும்பத்துக்கும் கசக்காது.

கொடுப்பவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. துவைத்து உலர்த்தி, அறுந்த பொத்தானைத் தைத்து, சட்டை வேறு, சேலை வேறு, குழந்தை உடுப்பு வேறாகக் கட்டித் தரலாம். உள்ளாடைகளைத் தவிர்க்கலாம். உடுத்த இயலாதபடி கிழிந்ததை இங்கே தராமல் பழைய துணி வியாபாரியிடம் போடுவதே முறை. ஹரியாணாவின் பானிப்பட் ஆலைகள் அத்தகைய கம்பளித் துணிகளை நிறவாரியாகப் பிரித்து, நார் நாராகக் கிழித்து, மீண்டும் நூற்றுப் போர்வை நெய்கின்றன.

பெறுபவர்களுக்கும் ஒரு சொல்: மருந்து தெளித்த தோட்டத்தில் உடுத்திய சட்டையை, அது எவர் கொடுத்ததானாலும், பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம். தனி வாளியில், தனியே துவைப்பதே நல்லது.