கட்டிலருகே இருப்பவர்

அளவெட்டியில் விடியுமுன்னரே விளக்கு எரியும் வீடுகள் சில எக்காலத்திலும் உண்டு. அங்கே ஒருவர் நோயுற்றுப் படுத்திருப்பார். அவருக்காக இன்னொருவர் எழுந்திருப்பார். கஞ்சி காய்ச்சி, படுக்கை விரிப்பை மாற்றி, மருந்துத் துண்டுகளைப் பையில் எடுத்து வைத்து, ஓட்டோ வந்ததும் நோயாளியைத் தாங்கி ஏற்றித் தெல்லிப்பழைக்குப் புறப்பட வேண்டும். நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கோவை இருக்கிறது. துணைக்குச் செல்பவரின் உடம்பையும் மனத்தையும் பற்றி எழுத ஒரு தாளும் இல்லை.

புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கொழும்பைக் கடந்து மகரகமைவரை நம்மவர் அலைந்த காலத்தை நாம் மறந்துவிடலாகாது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் அப்பயணமும் பெரும்பாடாயிற்று. 2011இல் நாட்டின் நீளம் முழுவதையும் நடந்து சென்றவர்கள் திரட்டிய நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 2013இல் அது திறக்கப்பட்டது. அளவெட்டியாருக்கு அது அயலூர். எனினும், தூரம் குறைந்ததே தவிர இரவுகள் குறையவில்லை. மருந்தேற்றிய அன்றிரவு வாந்தியைத் துடைப்பதும், காய்ச்சல் ஏறுகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் வீட்டிலுள்ளவரின் வேலையே.

அந்த ஒருவர் பெரும்பாலும் யார்? நான்கு பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்க, ஊரில் நின்றுவிட்ட மகள். பணம் தவறாமல் வருகிறது, தொலைபேசியும் வருகிறது. "அம்மா சாப்பிட்டவவோ?" என்று கேட்கிறார்கள். "நீ சாப்பிட்டனியோ?" என்று கேட்பவர் அரிது. வெளிநாட்டில் இருப்பவர்களைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர்கள் அங்கே அழுவதும் உண்மையே. ஆயினும், அழுவதற்கும் நேரமில்லாதவர் இங்கேயிருப்பவர்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லை. அவருடைய அக்கா செலினைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தாயார் செலி 1877இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். தந்தை லூயி மார்ட்டின் முதுமையில் மனம் தடுமாறி, 1889 பெப்ரவரி முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் இருந்தார். அப்போது மூன்று மகள்மார் கார்மேல் மடத்தில். கடைசி மகள் மடத்துக்குப் போனதால்தான் அவருக்கு இப்படியாயிற்று என்று ஊரவர் பேசினர். ஊர்வாய் எல்லா ஊரிலும் ஒன்றுதான்! 1892இல் நடக்கமுடியாத நிலையில் தந்தை வீடு திரும்பினார். மறு ஆண்டு லெயோனியும் மடம் புகுந்தார். தானும் துறவியாக விரும்பிய செலின் மட்டும் அவ்விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தந்தையருகே நின்றார். தாய்மாமன் குடும்பம் அவரைத் தனியே விட்டுவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2015இல் திருச்சபை அப்பெற்றோரைப் புனிதராக உயர்த்தியது.

பராமரிப்பவரின் களைப்பு வெறும் மனப்பிரமையன்று. நோயுற்ற துணைவரைப் பராமரிப்பதில் பெரிதும் நெருக்கடிக்குள்ளான முதியோர், அத்தகைய பொறுப்பில்லாதவரைவிட நான்காண்டுக் காலத்தில் இறக்கும் அபாயம் 63 வீதம் கூடியது என்று 1999இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கோபமும் வரும். "இது எப்போதுதான் முடியும்?" என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, அதற்காக மாதக்கணக்கில் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்நினைவு அன்பின்மையன்று, நித்திரையின்மை.

பங்குத்தந்தையை அழைப்பதா என்ற தீர்மானமும் அவர் தலையிலேயே விழுகிறது. சுவாமியைக் கண்டால் அப்பா பயந்துவிடுவாரோ என்று தள்ளிப்போடுகிறார்கள். அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பெயரின் அச்சம் இன்னும் நீங்கவில்லை. நோயில் பூசுதல் இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமானதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகவே கூறியுள்ளது. குரு வரும்போது கட்டிலருகே நிற்பவரின் தலைமீதும் கைவைத்துச் செபித்தால் எத்துணை ஆறுதல்!

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்தவர்கள் நால்வர் என்று மாற்கு நற்செய்தி எண்ணிச் சொல்கிறது. நம் வீடுகளில் அச்சுமைக்கு ஒருவரே. எனவே, நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது அப்பிள்களோடு இரண்டு மணித்தியாலத்தையும் கொண்டு செல்லுங்கள். "ஏதும் தேவையென்றால் சொல்லுங்கோ" என்றால் எவரும் சொல்லமாட்டார். "பிள்ளை, நான் இருக்கிறன். நீ போய்ப் படு, இல்லாவிட்டால் பூசைக்குப் போட்டு வா" என்றால் அவர் எழும்புவார். வியாழன் இரவு ஒருவர், ஞாயிறு காலை ஒருவர் என்று அன்பியத்தில் பெயர் எழுதிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் இரவுத் துணைக்கு ஓர் ஆளை அமர்த்திக் கொடுக்கலாம். விடுமுறையில் வரும்போது சகோதரியை ஒரு வாரம் மடுவுக்கு அனுப்பிவிட்டுத் தாமே கட்டிலருகே இருக்கலாம்.

செலினின் தந்தை 1894 யூலை 29இல் இறந்தார். செப்ரெம்பரில் அவர் கார்மேல் மடம் புகுந்தார். மூன்றாண்டுகள் கழித்து, காசநோயால் மடிந்துகொண்டிருந்த தங்கை தெரேசாவின் கட்டிலருகே இருந்தவரும் அவரே.