எண்பது நாளும் ஒரு ரயில் கால அட்டவணையும்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னின் "எண்பது நாட்களில் உலகைச் சுற்றி" என்ற நாவலை, பள்ளியில் ஆங்கிலத் துணைப்பாடமாகச் சுருக்கிய வடிவில் படித்த அன்பர்கள் நம் சங்கத்திலும் இருப்பார்கள். கதையில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால், "பலூன்" என்பார்கள். மூல நாவலில் பலூன் பயணமே கிடையாது! அட்லாண்டிக்கைப் பலூனில் கடப்பது நடக்கிற காரியமல்ல என்று ஒரே வரியில் வெர்ன் தள்ளிவிடுகிறார்.

பலூனை நம் மனத்தில் பதித்தது 1956இல் மைக்கேல் டாட் தயாரித்த திரைப்படம். டேவிட் நிவன் கதாநாயகன் ஃபாக்; மெக்சிகோ நகைச்சுவை நடிகர் காந்தின்ஃபிளாஸ் அவருடைய வேலைக்காரர் பாஸ்பார்தூ. சிறந்த படத்துக்கான பரிசு உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகள் பெற்றது. சிறுவயதில் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் திரை கட்டிப் போட்டபோது வாய் பிளந்து பார்த்த படம் அது. இன்றும் பிடிக்கும். ஆனால் ரயில்வேயில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பின் நாவலை முழுதாகப் படித்தபோதுதான், கதையின் உண்மையான நாயகன் கால அட்டவணை என்பது புரிந்தது.

நாவலில் ஒரு பத்திரிகை இந்தக் கணக்கைப் போடுகிறது. லண்டனிலிருந்து சூயஸ் 7 நாள், பம்பாய் 13, கல்கத்தா 3, ஹாங்காங் 13, யோகஹாமா 6, சான் பிரான்சிஸ்கோ 22, நியூயார்க் 7, மீண்டும் லண்டன் 9. கூட்டிப் பாருங்கள், சரியாக 80. இது கற்பனைக் கணக்கல்ல. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதை 1869 மே மாதம் இணைந்தது. அதே ஆண்டு நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1870 மார்ச்சில் பம்பாய்–கல்கத்தா ரயில் பாதை ஜபல்பூரில் இணைந்தது. இவை மூன்றும் நடந்து முடிந்த பிறகு, 1872இல் பிறந்த கதை இது.

நம் நாட்டுப் பகுதிக்கு வருவோம். ஃபாக் ஏறிய வண்டி கல்யாண், நாசிக், புர்ஹான்பூர் வழியாகப் போகிறது. இன்று மும்பையிலிருந்து மகாநகரி எக்ஸ்பிரஸில் காசி யாத்திரை போகிறவர்கள் செல்வதும் பெரும்பாலும் அந்தத் தடம்தான். கல்யாணுக்கு அப்பால் தால் காட் ஏற்றத்தில் 37 அடிக்கு ஓர் அடி பாதை உயர்கிறது. அங்கே வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ள இன்றும் கூடுதல் எஞ்சின் வேண்டும்.

கதையில் அலகாபாத்துக்கு 50 மைல் முன்பே வண்டி நின்றுவிடுகிறது. "பாதை முழுதும் திறந்தாயிற்று என்று பத்திரிகையில் போட்டிருந்ததே?" என்றால், "பத்திரிகை தவறு" என்கிறார் கண்டக்டர். உண்மையில் பத்திரிகைதான் சரி! அலகாபாத்–ஜபல்பூர் பகுதியில் 1867 முதலே ரயில் ஓடியது. கடைசியாக முடிந்தது ஜபல்பூருக்கு மேற்கே உள்ள பகுதி. ஆனால் அந்த இடைவெளி இல்லாவிட்டால், ஃபாக் 2,000 பவுன் கொடுத்து யானை வாங்குவது ஏது? உடன்கட்டையிலிருந்து ஔடாவை மீட்பதுதான் ஏது?

அந்த நேரத்திலும் ஃபாக் பதறவில்லை. பம்பாய்க்கே இரண்டு நாள் முன்னதாக வந்துவிட்டார், அதைச் செலவழிக்கிறார். நம் ரயில்வே அட்டவணையில் பழுது வேலைக்காகச் சேர்க்கும் எஞ்சினியரிங் அலவன்ஸும் இதே தத்துவம்தான். தாமதம் வரும் என்று முன்பே எண்ணி ஒதுக்கிவைக்கிறவன்தான் நேரத்துக்குப் போய்ச் சேருவான்.

கதையின் முடிவும் ஒரு கணக்குதான். கிழக்கு நோக்கிச் செல்பவருக்கு ஒரு பாகைக்கு 4 நிமிடம் லாபம். 360 பாகைக்கு 1,440 நிமிடம், அதாவது ஒரு முழு நாள். பாஸ்பார்தூ தன் கடிகாரத்தை லண்டன் நேரத்திலிருந்து மாற்றவே மாட்டேன் என்கிறார். இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் ஏறக்குறைய ஒரு மணி வித்தியாசம். எதை வைத்து ரயில் ஓட்டுவது? இரண்டுக்கும் நடுவிலிருந்த சென்னை வானிலாய்வகத்தின் "மெட்ராஸ் நேரம்" 1870 முதல் ரயில்வே நேரமாயிற்று. 1905 வரை அதுவே நிலைத்தது. ஃபாக்கின் காலத்தில் பம்பாய் ரயில்கள் லண்டனைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய சென்னைக் கடிகாரப்படி ஓடின.

2004இல் ஜாக்கி சான் நடித்து மற்றொரு படம் வந்தது. சண்டைகள் ஏராளம், ஔடாவே இல்லை. குழந்தைகள் ரசிக்கட்டும், தவறில்லை. ஆனால் படத்தோடு நிறுத்திவிடாமல் புத்தகத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள். கூடவே ஒரு தேசப்படமும் பென்சிலும் இருந்தால் இன்னும் நல்லது. பூகோளமும் கணக்கும் தானாக வந்து சேரும்.