தேக்கடி ஏரிக்கரை: படகு விடுவதற்குச் சட்டம் இட்ட எல்லைகள்

குமுளியை ஒட்டியுள்ள தேக்கடி ஏரி, முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டதும் காட்டுப் பள்ளத்தாக்குகளில் தேங்கிய நீர்ப்பரப்பு. ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் பரவிய இந்த ஏரியும் சுற்றியுள்ள காடும் 1950-இல் சரணாலயமாகவும் 1978-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன.

காட்டுயிர்களுக்கு ஏரியின் நடுப்பகுதியைவிடக் கரையே முக்கியம். கோடையில் நீர் இறங்க இறங்கக் கரைச் சரிவுகளில் புல் தழைக்கும். யானை, காட்டெருமை, மிளா ஆகியவை அங்கேதான் மேயவும் நீர் குடிக்கவும் இறங்குகின்றன. நீரில் நிற்கும் பட்டமரங்கள் நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் இருப்பிடம். நீர்நாய்கள் கரையோரத்தில் வாழ்கின்றன.

ஆபத்துகள்

இயந்திரப் படகின் இரைச்சல் விலங்குகளைக் கரையிலிருந்து விரட்டுகிறது. படகு கிளப்பும் அலை மண்கரையை அரிக்கிறது. கசியும் எண்ணெய் நீரில் கலக்கிறது. சுரங்கம் வழியாக இந்த நீர்தான் தேனி, மதுரை மாவட்டங்களுக்கும் போகிறது. படகுகள் பெருகினால் படகுத்துறையும் வாகன நிறுத்துமிடமும் விரிவடைந்து காட்டின் விளிம்பைத் தின்னும்.

ஆபத்து மனிதருக்கும் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது அப்போது காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

சட்டம் சொல்வது

சரணாலயத்துக்குள் நுழைவது உரிமை அல்ல, அனுமதி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, அங்கே விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் தடுக்கிறது. வாழிடத்தைச் சிதைப்பதை 29-ஆம் பிரிவு தடுக்கிறது. சரணாலயத்துக்குள் வணிக நோக்கிலான தங்கும் விடுதி கட்ட, அது அரசு விடுதியே ஆனாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் ஒப்புதல் தேவை.

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012 வழிகாட்டுதல்படி, காப்பகத்தின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்குப் புதுக் கட்டமைப்பு கூடாது. விலங்குகளிடமிருந்து குறைந்தது 20 மீட்டர் விலகி நிற்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், இயந்திரப் படகுகளுக்குப் பதிவையும் தகுதி ஆய்வுச் சான்றிதழையும் கட்டாயமாக்குகிறது.

இப்பகுதியில் வாழும் மன்னான், பளியர் பழங்குடியினருக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. வனவிலங்குகளையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தை அது கிராம சபைக்கு வழங்குகிறது.

தீர்வு தேடும் வழிகள்

மீறலைக் கண்டவர் நாள், நேரம், இடம், படகின் பதிவு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, படங்களுடன் காப்பகத்தின் துணை இயக்குநரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். படகின் ஆய்வுச் சான்றிதழ், கட்டுமான அனுமதி ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

நில எல்லை ஆவணங்களையும் சேர்த்துக் கேட்பது நல்லது. தேக்கடியின் ஆனவச்சாலில் கேரளம் அமைத்த வாகன நிறுத்துமிடத்தைத் தமிழ்நாடு எதிர்த்த வழக்கே, அணைக்காகக் குத்தகைக்கு விடப்பட்ட நிலத்தின் எல்லையைப் பற்றியதாகி, அதை அளக்கும்படி இந்திய நில அளவைத் துறைக்கு உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட நேர்ந்தது.

புகாருக்குப் பலன் இல்லையென்றால், வனவிலங்குச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் முறையிடலாம். நீர் மாசு, வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது போன்றவற்றுக்குச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். வனவிலங்குச் சட்டம் அந்தத் தீர்ப்பாயத்தின் பட்டியலில் இல்லாததால், அச்சட்ட மீறலை மட்டும் வைத்து அங்கே வழக்குத் தொடுக்க முடியாது. அதற்குக் கேரள உயர்நீதிமன்றம் உண்டு. தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்கள், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும்.