உங்கள் போனில் தெரியும் தமிழுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

மண்ணூர்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவர் ஆண்ட்ராய்டு போனில் 'கொரட்டூர்' என்று தேடுகிறார். முதல் எழுத்து 'கொ' போனுக்குள் 'க', அதையடுத்து ஒகரக் குறி என்று இரண்டே எண்களாகத்தான் இருக்கிறது. அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் சரியாக உட்கார வைக்கும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் எல்லாம் தமிழைக் காட்ட இதைத்தான் நம்பியிருக்கின்றன. இது ஓப்பன் சோர்ஸ், அதாவது கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இதன் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

காசில்லாமல் கிடைப்பதால், யாரோ நல்ல மனசுக்காரர்கள் ஓய்வு நேரத்தில் எழுதிப் போட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் ஹார்ஃப்பஸை முதன்மையாக எழுதிய பெஹ்தாத் எஸ்ஃபாபோத் ரெட் ஹேட் நிறுவனத்திலும் பிறகு கூகுளிலும் சம்பளம் வாங்கிக்கொண்டே அந்த வேலையைச் செய்தார். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் பல ஆண்டுகள் நாம் தமிழ் படித்த லோஹித் எழுத்துருவைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுப் பராமரித்ததும் ரெட் ஹேட்தான். தமிழ் திரையில் ஒழுங்காகத் தெரிவதற்குப் பின்னால் அமெரிக்க நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

லினக்ஸின் கதையும் இதேதான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் அதைத் தொடங்கினார். 2001-ஆம் ஆண்டில் மட்டும் லினக்ஸுக்காக 100 கோடி டாலர் செலவிடப்போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. 2017-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் வெளியிட்ட அறிக்கைப்படி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்த மாற்றங்களில் சம்பளமில்லாதவர்கள் செய்தது 8.2 சதவீதம்தான். இன்டெல் ஊழியர்கள் மட்டுமே 13.1 சதவீதம் செய்திருந்தார்கள்.

போட்டி நிறுவனங்கள் ஏன் ஒரே மென்பொருளுக்குச் செலவு செய்கின்றன? அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து விலை உயர்ந்த ஒரு மெஷினை வாங்கி முறைவைத்து ஓட்டுவது போன்றதுதான் இது. தனித்தனியே செய்தால் கட்டுப்படியாகாது. இன்டெல்லுக்குத் தன் சிப்பில் லினக்ஸ் நன்றாக ஓட வேண்டும், கூகுளுக்கு ஆண்ட்ராய்டு பரவ வேண்டும். அவரவர் தேவைக்கு அவரவர் ஆள் போடுகிறார்கள், பலன் ஊருக்கே கிடைக்கிறது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. நிறுவனத்துக்குத் தேவை உள்ள இடத்துக்குத்தான் பணம் போகும். ஊரே பயன்படுத்தும் ஒன்றுக்கு இன்னொருவர் கொடுப்பார் என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுவதும் உண்டு. இணைய வங்கிப் பரிமாற்றங்களைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டது. உலகின் பெரும் பகுதி சர்வர்கள் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு அப்போது முழுநேர ஆள் ஒருவர்தான். ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். ஓட்டை தெரிந்த பிறகுதான் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் முதலியவை சேர்ந்து நிதி ஒதுக்கின.

தேவை தீர்ந்தால் நிறுவனம் கையை எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அச்சுப் பக்கங்களைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும் டெஸராக்ட்டை 2006 முதல் 2018 வரை கூகுள் வளர்த்தது. தமிழையும் படிக்கக்கூடிய கருவி அது. கூகுள் விலகிய பின் தன்னார்வலர்கள் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். பழைய தமிழ் நூல்களை மின்வடிவாக்கப் பாடுபடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தமிழ் எழுத்துப்பிழை திருத்தியை நம்பி எந்தப் பன்னாட்டு நிறுவனத்தின் லாபமும் இல்லையென்றால், அதற்கு யார் ஆள் போடுவார்கள்?

அரசு போட்டதுண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பலர் லேப்டாப்பைத் திறக்கும்போது பார்த்த அந்தப் பெயர் நினைவிருக்கலாம். அதற்கு அடித்தளமான டெபியன், உலகத் தன்னார்வலர்களின் உழைப்பு. தனியாரும் கொடுத்ததுண்டு. 2022-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் மையத்துக்கு, இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலகேணியும் அவர் மனைவியும் 36 கோடி ரூபாய் கொடுத்தார்கள். இந்திய மொழிகளுக்காக அங்கே உருவாகும் மொழிபெயர்ப்புக் கருவிகள் கட்டற்றவையாகவே வெளிவருகின்றன. பெங்களூருவின் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா, 2024 அக்டோபரில் உலகெங்கும் உள்ள கட்டற்ற மென்பொருள்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக ஒரு நிதியை அறிவித்தது. தான் பயன்படுத்துவதற்குத் திருப்பிக் கொடுக்கும் இந்த எண்ணத்தை மனதாரப் பாராட்டுகிறேன். இந்தியாவில் இப்படிச் செய்யும் தனியார் நிறுவனங்கள் மிகக் குறைவு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு காலத்தில் லேத் சத்தம் மட்டுமே கேட்டது. இன்று அதே தெருக்களில் ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. உள்ளே எழுதப்படும் நிரல் எதுவானாலும், லினக்ஸோ பைத்தான் நிரல்மொழியோ ஓப்பன்எஸ்எஸ்எல்லோ அதன் அடியில் எங்கேயாவது இருக்கும். அவற்றை எடுத்துக்கொள்வதில் இந்த ஐ.டி. நிறுவனத்தார் கெட்டிக்காரர்கள். திருப்பிக் கொடுப்பதில்தான் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள்.

எஸ்டேட் நிறுவனங்களின் மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மென்பொருள் எந்தெந்தக் கட்டற்ற மென்பொருள்களின்மேல் நிற்கிறது என்று பட்டியல் எடுங்கள். அதில் ஒன்றே ஒன்றுக்கு, வாரத்தில் ஒரு நாள் ஒரு பொறியாளரைச் சம்பளத்தோடு விடுங்கள். ஆவடி, பூந்தமல்லிப் பக்கக் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளே, போனில் தமிழ் எங்கே உடைந்து தெரிகிறதோ அதைப் படமெடுத்து அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களிடம் பிழையாகப் பதிவு செய்யுங்கள். திருத்தத் தெரிந்தால் திருத்தியும் அனுப்புங்கள்.