இயந்திரம் முன்கூட்டியே சொல்லும்

உராய்வில் பிறக்கும் சிறு பொறி பேரிழப்பாகிவிடும் என்பதைச் சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. பட்டாசுத் தொழில் அந்தப் பாடத்தைக் கண்ணீரோடு கற்றுத் தந்திருக்கிறது. அதே விருதுநகர் மாவட்டத்தில், 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாள்தொட்டு வளர்ந்துவந்த நூற்பாலைகளுக்கும் உராய்வு ஓர் எதிரியே. தேய்ந்த பேரிங் சூடேறினால், அதன்மேல் படிந்த பஞ்சுத் தூசு தீப்பற்றக் கூடும். தீ மூளாவிட்டாலும் இயந்திரம் நின்றுபோகும்; கூலியை நம்பிய குடும்பங்கள் தவிக்கும்.

இதை முன்னறிய வழியுண்டா? உண்டு, வாசகர்களே! அனுபவமிக்க ஃபிட்டர், திருப்புளியின் முனையைப் பேரிங் கூட்டில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தச் செவிக்கலையின் வளர்ச்சியே அதிர்வுக் கண்காணிப்பு. பொறுக்கத்தக்க அதிர்வு எவ்வளவு என்பதற்கு ராத்போன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1939-இலேயே வரைபடம் வெளியிட்டார். இன்று கையடக்கமான கருவி அதனை அளந்து, பகுத்தும் காட்டிவிடுகிறது.

ஒரு விசிறி நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை சுழல்வதாகக் கொள்ளுங்கள். அதிர்வும் நொடிக்கு 25 என ஓங்கினால், இறக்கையில் தூசு ஒருபுறமாகப் படிந்து எடைச் சமநிலை கெட்டிருக்கலாம். 50 என ஓங்கினால், மோட்டாரின் தண்டும் விசிறியின் தண்டும் நேர்கோட்டில் இல்லையோ என ஐயுறலாம். சுழற்சியின் முழு மடங்குகளில் அடங்காத உயர் அதிர்வெண்கள் தோன்றினால், பேரிங்கின் குண்டிலோ அது ஓடும் தடத்திலோ பழுது தொடங்கியிருக்கக் கூடும். காதுக்கு எட்டுமுன்பே கருவிக்கு அது எட்டிவிடுகிறது.

உறுதியான அடித்தளத்தில் நிற்கும் 15 முதல் 300 கிலோவாட் வரையிலான இயந்திரங்களில், அதிர்வின் வேகம் நொடிக்கு 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் சேதம் விளையலாம் என்பது பன்னாட்டுத் தர வரையறை. எனினும், ஒருநாள் அளவைவிட மாதந்தோறும் அது ஏறுகிறதா என்பதே முக்கியம். இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து குறித்து வைப்பதில்லையா, அதுபோலத்தான்.

கருவி எச்சரிக்கத்தான் முடியும். இயந்திரத்தை நிறுத்த மனிதர்தாம் முன்வர வேண்டும். “இந்த ஆர்டர் முடியட்டும்” என்று தள்ளிப்போடும் முதலாளிகள், அருகில் நிற்கும் தொழிலாளியின் உயிரையும் எண்ணிப் பார்ப்பார்களாக!