வணிக மேம்பாட்டு வட்டாரமும் வாடகைக் கடைக்காரரும்

தெருவிளக்கு எரியவில்லை, நடைபாதைக் கற்கள் பெயர்ந்து கிடக்கின்றன, ஆடி மழையில் கடை வாசலில் முழங்காலளவு நீர் தேங்குகிறது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நெருளிலோ கடை வைத்திருக்கும் நம்மவரிடம் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தால் இக்குறைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். மாநகராட்சிக்கு வரி செலுத்துகிறோமே, அதற்கு மேல் நாம் என்ன செய்ய இயலும் என்று அவர்கள் கேட்பதும் நியாயமே. இவ்வினாவுக்குப் பிற நாட்டு நகரங்கள் கண்ட விடைகளுள் ஒன்றுதான் வணிக மேம்பாட்டு வட்டாரம் என்னும் ஏற்பாடு. மும்பையில் இத்தகைய வட்டாரம் சட்டப்படி இன்றுவரை அமையவில்லை. எனினும் கடைவீதியைப் பேணப் பணத்திற்கு எங்கே போவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இதன் பெயரும் கூடவே எழுகிறது. ஆதலின், நம் தெருவிற்கு இத்திட்டம் வருமாயின் சிறு கடைக்காரரின் நிலை யாதாகும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நலம்.

ஏற்பாடு எளிதானதுதான். ஒரு கடைவீதிக்கு எல்லை வகுக்கப்படும். அவ்வெல்லைக்குள் அடங்கிய வணிக இடங்கள் யாவும் வழக்கமான வரிக்கு மேல் ஒரு சிறு தீர்வை செலுத்த வேண்டும். அதனை மாநகராட்சியே வசூலித்து அவ்வட்டாரத்தின் நிருவாகக் குழுவிடம் ஒப்படைக்கும். குழு அப்பணத்தைத் தெருவைத் துப்புரவு செய்தல், விளக்கு, காவல், விழாக்கால விளம்பரம் முதலியவற்றிற்கு அவ்வெல்லைக்குள்ளேயே செலவிடும். திட்டம் ஒருமுறை நிறைவேறிவிட்டால், அதனை எதிர்த்தவரும் பணம் கட்டியே ஆக வேண்டும்.

இதன் பிறப்பிடம் கானடா நாட்டின் டொராண்டோ நகரம். அங்கு 1960களில் புளூர் தெருவுக்கு அடியில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. தெருவில் ஓடிய டிராமில் அமர்ந்து கடைகளைப் பார்த்துக்கொண்டே சென்ற மக்கள் பூமிக்கடியில் மறைந்து போயினர். அதே காலத்தில் பெரும் அங்காடி வளாகங்களும் எழுந்தன. தெருக் கடைக்காரர் ஒன்றுகூடிப் பணம் திரட்ட முயன்றனர். சிலர் கொடுத்தனர், பலர் பிறர் கொடுத்ததில் குளிர் காய்ந்தனர். எல்லாரும் கட்டாயமாகக் கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று வணிகரே கேட்டுப் பெற்றதன் விளைவாக 1970ஆம் ஆண்டில் புளூர் மேற்குப் பகுதியில் உலகின் முதல் வட்டாரம் அமைந்தது. இன்று அந்நகரின் ஜெரார்டு தெருவிலுள்ள இந்தியக் கடைவீதியும் இவ்வாறான வட்டாரமே. பெரிய அங்காடியை எதிர்த்து நிற்கச் சிறு கடைகள் தாமே கண்டெடுத்த கருவி இது என்பதை மறத்தலாகாது. சீவுட்ஸ் ரயில் நிலையத்தின் மேலேயே 2017இல் பேரங்காடி திறக்கப்பட்டதைக் கண்ட நெருள் கடைக்காரருக்கு அந்தக் கானடா வணிகரின் கவலை எளிதில் விளங்கும்.

ஆயினும் கருவி ஒன்றே என்றாலும் பிடி யார் கையில் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடத்தைப் பயன்படுத்தி வணிக வரி செலுத்துபவரே வாக்களிக்கிறார். அவர் வாடகைக்காரராகவும் இருக்கலாம். வாக்களித்தோரின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும். அவர்களுடைய இடங்களின் வரிமதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்க வேண்டுமெனில் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். நியூயார்க்கிலோ தீர்வை கட்டடச் சொந்தக்காரர்மீது விழுகிறது. எதிர்த்துத் தடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கே. சொந்தக்காரருள் நூற்றுக்கு 51 பேர், அல்லது மதிப்பில் நூற்றுக்கு 51 பங்குக்கு உரியோர், எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்தாலன்றித் திட்டம் தடைப்படாது. அதாவது, வாய் திறவாதவர் ஒப்புக்கொண்டவராகவே கருதப்படுவர். அந்நகரின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில், இந்தியக் கடைகளும் தென் அமெரிக்கக் கடைகளும் நிறைந்த இடத்தில், ரூசவெல்ட் சாலை நெடுகிலும் வட்டாரத்தை விரிவாக்க 2013ஆம் ஆண்டில் திட்டம் வகுத்தபோது, சிறு கடைக்காரரும் தெரு வணிகரும் அதனை மும்முரமாக எதிர்த்தனர். தெரு அழகாகும், வாடகை ஏறும், நாங்கள் வெளியேறுவோம் என்பதே அவர்களுடைய வாதம். அவ்விரிவாக்கம் நிறைவேறவில்லை.

மேம்பாடு என்ற சொல்லைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்சொல்லை எழுதும்போதெல்லாம் எழுதுகோல் சற்றே தயங்குகிறது; மேம்படுவது எது, யாருக்கு என்று அது சொல்வதில்லை. மும்பைக்கு இச்சொல் புதிதுமன்று. 1896இல் இந்நகரைப் பிளேக் நோய் தாக்கிய பின்னர் 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஏற்படுத்தப்பட்டது. தாதர், மாட்டுங்கா பகுதிகளை அகலமான சாலைகளும் பூங்காக்களுமாக வகுத்தது அதுவே. நம்மவர் பல்லாண்டுகளாக வாழ்ந்துவரும் மாட்டுங்கா அதன் கொடை என்றே சொல்லலாம். மறுபுறம், நகரின் நடுவில் அகன்ற தெருக்களுக்காக அது இடித்த வீடுகளிலிருந்து வெளியேறிய ஏழை மக்களுக்கு ஈடாக இடம் போதிய அளவில் கிடைக்கவில்லை. அவர்கள் பக்கத்துச் சால்களில் மேலும் நெருக்கியடித்துக் குடியேறினர். 1933இல் டிரஸ்டு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். நெருளில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு கடையின் மாத வாடகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மதிப்பு 4,80,000 ரூபாய். நூற்றுக்கு ஒன்று வீதம் தீர்வை விதித்தால் ஆண்டுக்கு 4,800, மாதத்திற்கு 400 ரூபாய். கடைக்குமுன் வெளிச்சமும் துப்புரவும் கிடைக்குமெனில் இதனைக் கொடுக்க யாரும் தயங்கார். தெரு பொலிவு பெறுகிறது, வாடிக்கையாளரும் கூடுகின்றனர். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் உரிமையாளர் நூற்றுக்குப் பதினைந்து உயர்த்திக் கேட்கிறார். அது மாதத்திற்கு 6,000 ரூபாய்; தீர்வையைப்போல் பதினைந்து மடங்கு. கிலோ மாவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் என்றால், இவ்வுயர்வை ஈடுகட்டவே நாள்தோறும் இருபது கிலோ கூடுதலாக விற்றாக வேண்டும். துணிக்கடைத் தொடரோ மருந்துக்கடைத் தொடரோ இவ்வாடகையைப் பல ஊர்க் கிளைகளின் வரவில் கரைத்துவிடும். ஒற்றைக் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஆதலின் அவர் அஞ்ச வேண்டியது தீர்வையை அன்று. தெரு மேம்பட்டபின் வரும் வாடகையை.

இவ்விடத்தில் நம்மவர் எல்லாரும் ஒரே படியில் நிற்கவில்லை. மாட்டுங்காவில் பூவும் வாழையிலையும் காப்பித்தூளும் விற்கும் பழைய கடைகளுள் பல, பகடி முறையில், அதாவது தொடக்கத்தில் ஒரு பெருந்தொகை கொடுத்துச் சிறு வாடகையில் தொடரும் முறையில், நடப்பவை. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களைக் காக்கிறது. வாடகை ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதமே ஏறலாம். ஆனால் அதே சட்டம், உள்ளாட்சி புதிதாக வரியோ தீர்வையோ விதித்தால் அத்தொகையளவு வாடகையைக் கூட்டிக்கொள்ளவும் உரிமையாளருக்கு இடந்தருகிறது. எனவே நியூயார்க் முறை இங்கு வருமாயின், வாக்கு உரிமையாளருக்கு, செலவு வாடகைக்காரருக்கு என்றாகிவிடும். இருப்பினும் மாட்டுங்காக் கடைக்காரர் இடத்தை இழக்கமாட்டார். நெருளில் ‘லீவ் அண்டு லைசென்ஸ்’ ஒப்பந்தத்தில் கடை நடத்துபவருக்கு அந்தக் காப்பும் இல்லை. குறித்த காலம் முடிந்ததும் அவர் புது வாடகைக்கு ஒப்ப வேண்டும், அல்லது சாவியைக் கொடுக்க வேண்டும். தெருவைப் பொலிவாக்க மூன்றாண்டு பணம் கட்டியவர் அவரே என்பது அப்போது கணக்கில் வாராது.

தாராவியில் நடப்பது இதனினும் பெரிது. அங்கே தெருவன்று, ஊரே மாற்றியமைக்கப்படுகிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தகுதியுடைய வணிக இடத்திற்கு 225 சதுர அடி இலவசமாகத் தரப்படும் என்பது திட்டம். தகுதியுடைய என்ற அந்த ஒரு சொல்லில்தான் தோல் பட்டறைக்காரரின் வாழ்வு தொங்குகிறது. மாடியில் உள்வாடகைக்குத் தையல் இயந்திரம் போட்டிருப்பவரின் பெயர் எந்தப் பட்டியலில் ஏறும்? சிறியதோ பெரியதோ, எத்திட்டத்திலும் முதலில் பார்க்க வேண்டியது பட்டியலையே.

கடையே இல்லாத வணிகரும் உண்டு. சென்னைப் பாண்டிபஜாரில் நடைபாதை வணிகர்கள் 2013இல் தனிக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டனர். 2019இல் அங்கே அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அஃது அரசுப் பணத்தில் நடந்தது. கடைக்காரர்மீது தீர்வை விழவில்லை. நம் நாட்டின் 2014ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடத்திற்குக் குறையாமல் தெரு வணிகரின் பிரதிநிதிகள் இருத்தல் வேண்டும். வட்டாரக் குழு என்று தனியாக ஒன்று தோன்றி, தூய்மையின் பெயரால் கீரை விற்கும் அம்மாளை அகற்ற முனையுமாயின் இச்சட்டத்தைச் சுட்டிக்காட்டலாம். அவர் இருப்பதால்தான் அடுத்த மளிகைக் கடைக்கும் ஆள் வருகிறது என்பது கடைக்காரர் அறியாததன்று.

ஆகவே நம் தெருவில் இவ்வாறான யோசனை கிளம்பினால், வேண்டாம் என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடவும் வேண்டுவதில்லை. 1997இல் காட்கோபரின் ஜோஷி சந்தில் குடியிருப்போரே கூடித் தொடங்கிய முறையை மாநகராட்சி நகரெங்கும் பரப்பியது. கூடிச் செய்தல் இந்நகருக்குக் கைவந்த பழக்கமே. கூட்டத்திற்குப் போக வேண்டும். வாக்குப் பட்டியலில் கடை நடத்துபவர் பெயர் இருக்கிறதா, பேசாதிருத்தல் சம்மதமாகக் கொள்ளப்படுமா, சிறு கடைகளுக்குத் தீர்வை விலக்கு உண்டா, எத்தனை ஆண்டுக்குப்பின் மறுவாக்கு என்று கேட்க வேண்டும். அறிவிப்பு பெரும்பாலும் மராத்தியில் இருக்கும். புரியவில்லை என்று அதைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துவிடலாகாது. மறுப்புக்குரிய நாள் அதிலேதான் குறித்திருக்கும்.

கூட்டத்திற்கு முன்னதாகச் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. புதுத் தீர்வைகளை யார் செலுத்துவது, புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு வரை ஏறலாம் என்னும் இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதியதைப் பதிவும் செய்ய வேண்டும். வாடகைச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி அது கட்டாயம், அப்பொறுப்பும் உரிமையாளருடையது. பதிவு செய்யாத நிலையில் வழக்கு எழுமாயின், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, நிபந்தனைகளைப் பற்றி வாடகைக்காரர் கூறுவதையே நீதிமன்றம் ஏற்கும்.